மனநல மாத்திரையை நிறுத்தலாமா? வேதாரண்யம் கதவு சொல்லும் சேதி!

‘இப்பதான் நல்லா இருக்கேனே, இனி எதுக்கு மாத்திரை?’ என்று ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. நிறுத்தவே கூடாதா? நிறுத்துவதென்றால் எப்படி? நிறுத்தியபின் நோய் திரும்பினால் சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

வேதாரண்யம் என்றதும் உப்பளமும், 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த உப்புச் சத்தியாகிரகப் படையும் நினைவுக்கு வரும். இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. அது வேதாரண்யேஸ்வரர் கோயிலின் கதவுக் கதை. வேதங்கள் பூசித்துச் சாத்திவிட்டுப் போன கதவு அது. அதைத் திறக்க யாராலும் முடியாமல், மக்கள் பக்கத்து வாசல் வழியாகப் போய்க் கும்பிட்டு வந்தார்களாம். அப்பரும் சம்பந்தரும் வந்தார்கள். கதவு திறக்க அப்பர் பாடினார். பதிகம் முழுவதும் பாடி முடிகிறவரை கதவு அசையவில்லை. பிறகு கதவை அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே அது சாத்திக்கொண்டது.

மனநல சிகிச்சையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. மாத்திரையை நிறுத்த ஒரு நாள் போதும். நின்றுபோன சிகிச்சையை மறுபடி தொடங்கி, பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும்; சிலருக்கு மாதங்கள் ஆகும்.

மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவர் துணையோடு, நிதானமாகக் குறைத்து, மாத்திரை இல்லாமலேயே நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்போது, யார், எந்த மருந்தை, எவ்வளவு மெதுவாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் நிறுத்துகிறோம்?

முதல் காரணம், குணமானதுதான். காய்ச்சல் போனதும் மாத்திரையை விடுகிற பழக்கம் நமக்கு. அதே கணக்கை மனநல மருந்துக்கும் போடுகிறோம். மாத்திரையால் நன்றாக இருக்கிறோமா, மாத்திரை தேவைப்படாத அளவுக்கு நன்றாக இருக்கிறோமா என்பது வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும். அந்த வித்தியாசம் பிடிபடுவதற்குக் காலம் தேவை.

இரண்டாவது காரணம், பக்கவிளைவு. உடம்பு ஊதிப்போகிறது. வாய் உலர்கிறது. கை நடுங்குகிறது. பகலெல்லாம் கண் சொக்குகிறது. ஆறுகாட்டுத்துறையிலிருந்து விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கும், வெயில் ஏறுமுன் உப்பளத்தில் இறங்குகிறவருக்கும், அதிகாலையில் முல்லை பறிக்கப் போகிற பெண்ணுக்கும் காலைத் தூக்கம் என்பது கூலி போகிற விஷயம். தாம்பத்தியத்தில் வரும் நாட்டக் குறைவைப் பலர் மருத்துவரிடம்கூடச் சொல்லாமல், மாத்திரையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், சாப்பிடும் நேரத்தை மாற்றலாம். சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

மூன்றாவது காரணம், கல்யாணம். “பொண்ணு பார்க்க வர்றாங்க, அந்த மாத்திரை டப்பாவை எடுத்து உள்ளே வை” என்று தொடங்கி, “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆவறது? விட்டுடும்மா” என்பதில் போய் முடியும். புகுந்த வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிட முடியாமல் நிறுத்துகிற பெண்ணுக்கு, புது இடம், புது மனிதர்கள், தூக்கம் கெட்ட இரவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து வருகின்றன. நோய் திரும்ப இதைவிடத் தோதான சமயம் கிடையாது. 1984-ல் மனநல மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், மனச்சிதைவு நோயால் கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்களின் நிலையைத் தனியாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நோயும் கைவிடப்படுதலுமாக அவர்கள் சுமப்பது இரட்டைப் பாரம். மறைத்துச் செய்யும் கல்யாணம் அந்தப் பாரத்தைக் கூட்டத்தான் செய்கிறது.

நான்காவது, தூரம். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் ஐம்பது கிலோமீட்டர் போல. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி நூறு கிலோமீட்டர் போல. கூட ஒருவர் வர வேண்டும். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போகும். இந்த மாதம் போக முடியவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போகிற ஒரு தவணைதான் பல வீடுகளில் சிகிச்சை நின்றுபோன கதையின் ஆரம்பம்.

திரும்பியது நோயா, மருந்து விட்டதன் விளைவா?

மாத்திரையை நிறுத்தியபின் உடம்புக்கும் மனதுக்கும் ஏதாவது ஆனால், அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று விலகல் அறிகுறி: பழகிய மருந்து திடீரென இல்லாமல் போனதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. இன்னொன்று, அடங்கியிருந்த நோய் மறுபடி தலைதூக்குவது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

அடையாளம் காண முதல் வழி, நாட்காட்டி. பெரும்பாலான மாத்திரைகளில் விலகல் அறிகுறிகள் நிறுத்திய சில நாட்களிலேயே ஆரம்பித்துவிடும். தலைசுற்றல், குமட்டல், பயங்கரக் கனவுகள், எரிச்சல், காரணமில்லாத அழுகை, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு ஆகியவை மனச்சோர்வு மருந்தை விட்டவர்கள் சொல்கிறவை. கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு மனச்சோர்வு நோயின் அறிகுறியே இல்லை. அது வந்தால் மருந்து விலகியதுதான் காரணம் என்று ஓரளவு தெளிவாகச் சொல்லலாம். மருந்தை மறுபடி கொடுத்தால் விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அடங்கும்.

நோய் திரும்புவது மெதுவாக நடக்கும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து, முன்பு வந்த அதே வரிசையில் வரும். முதலில் தூக்கம் குறையும். பிறகு சாப்பாடு, குளியல், பேச்சு என்று ஒவ்வொன்றாகக் கெடும். மருந்தை மறுபடி கொடுத்தாலும் உடனே தெளியாது.

எத்தனை பேருக்கு விலகல் தொல்லை வருகிறது? 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் 100-க்குச் சுமார் 31 பேர் ஏதோ ஓர் அறிகுறியைச் சொன்னார்கள். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 பேர் அதையே சொன்னார்கள். அப்படியானால் மருந்து விலகியதாலேயே தொல்லைப்படுகிறவர்கள் ஆறு, ஏழு பேரில் ஒருவர். கடுமையாகப் பாதிக்கப்படுகிறவர்கள் 100-க்கு 3 பேர் அளவில்தான். பயப்பட வேண்டியதில்லை, அலட்சியப்படுத்தவும் முடியாது.

நோய் திரும்புவது பற்றி, பிரிட்டனில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நீண்ட நாள் மனச்சோர்வு மருந்து சாப்பிட்டு, இனி நிறுத்தலாம் என்று எண்ணும் அளவுக்கு நன்றாக இருந்த 478 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100-க்கு 39 பேருக்கு; மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 பேருக்கு. இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படிக்கலாம். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது. ஆனாலும் நிறுத்தியவர்களில் 44 பேர் அந்த வருடத்தை நோயில்லாமல் கடந்திருக்கிறார்கள்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

‘மனநல மாத்திரை’ என்று மொத்தமாகச் சொல்கிறோம். நிறுத்தும் விஷயத்தில் ஒவ்வொன்றின் குணமும் வேறு.

*மனச்சோர்வு மருந்துகள்:* பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுகிறவை. ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலைசுற்றும். ஃப்ளுவாக்ஸெட்டின் நேர் எதிர். அதன் மிச்சம் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். தானே மெல்லக் குறையும். அதனால் அதில் விலகல் தொல்லை குறைவு.

*தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான மாத்திரைகள்:* அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம் போன்றவை. பல மாதங்கள் சாப்பிட்ட பிறகு இவற்றைத் திடீரென விட்டால் வலிப்பு வரக்கூடும். உயிருக்கே ஆபத்து உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டுப் பழகியவர்களும், கூடவே மதுப்பழக்கம் உள்ளவர்களும் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

*மனச்சிதைவுக்கான மருந்துகள்:* ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவை. இவற்றை நிறுத்திய ஓரிரு வாரம் உடம்பு லேசாகி, தூக்கம் தெளிந்து, ‘ஆகா, விட்டதே நல்லது’ என்றுகூடத் தோன்றலாம். ஏமாற்றும் காலம் அதுதான். 2012-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, ஒரு வருட அளவில் நோய் திரும்பியது மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 27 பேருக்கு. சாப்பிடாதவர்களில் 64 பேருக்கு.

*லித்தியம்:* உப்பு விளையும் ஊரில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உப்பளமும் லித்தியமும்

அளவுக்கு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் பழைய, நம்பகமான மருந்து. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் அதன் பயனை வெளியிட்டார். லித்தியமும் ஓர் உப்புதான். நாம் சாப்பிடும் உப்பிலுள்ள சோடியத்துக்குக் கிட்டத்தட்ட உறவுமுறை. சிறுநீரகம் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடத்துகிறது.

சிக்கல் இங்கேதான். சித்திரை, வைகாசி வெயிலில் உப்பளத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு வியர்வையாக நீரும் சோடியமும் வெளியேறுகின்றன. போன சோடியத்தை ஈடுகட்டச் சிறுநீரகம், வருகிற சோடியத்தை விடாமல் பிடித்து வைக்கிறது. அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாத்திரையின் அளவு மாறவில்லை. ஆனால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி பேதி வந்தாலும், ‘பிரஷருக்கு நல்லது’ என்று திடீரென உப்பை விட்டாலும் இதே கதை. முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

ரத்தத்தில் பொதுவாக 0.6-லிருந்து 1.0 வரை இருக்க வேண்டிய அளவு அது. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். கை பலமாக உதறுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, பேதி ஆகியவை எச்சரிக்கை மணி. அப்போது அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் நிறையக் குடிப்பது, உப்பின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் இருப்பது, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்வது என்ற மூன்றும் போதும். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து.

இந்தத் தொல்லைகளுக்குப் பயந்து லித்தியத்தை ஒரேயடியாக விடுவது அதைவிட ஆபத்து. திடீரென நிறுத்தியவர்களுக்கு நோய் மிகச் சீக்கிரம், பல நேரம் முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது. தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக் குறைப்பதுதான் மருத்துவ வழக்கம்.

மடையை மெல்லத் திறப்பது போல...

மருந்தை எப்படிக் குறைக்கிறார்கள்? டெல்டாக்காரர்களுக்கு எளிதாகப் புரியும். நிறைந்து நிற்கிற வயலில் வரப்பை ஒரேயடியாக வெட்டிவிட்டால் தண்ணீரோடு மண்ணும் நாற்றும் சேர்ந்து போகும். மடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வடிப்பதுதான் முறை.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தால் மூளையில் அதன் வேலையும் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. பல மருந்துகள் சிறிய அளவிலேயே தங்கள் வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. அதனால் முழு மாத்திரையை அரையாக்கும்போது பெரிய மாற்றம் தெரியாது. அரையைக் காலாக்கி, அந்தக் கால் மாத்திரையை நிறுத்தும்போதுதான் பெரிய சரிவு வருகிறது. “கால் மாத்திரைதானே டாக்டர், அதை விட்டதுக்கா இவ்வளவு?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு பேர் 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இதை விளக்கி எழுதினார்கள். கடைசிக் கட்டத்தில் குறைப்பு சிறிதாக வேண்டும், இடைவெளி நீள வேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டனின் மனநல மருத்துவர் சங்கமும் அதையொட்டி நோயாளிகளுக்கான வழிகாட்டுதலை 2020-ல் வெளியிட்டது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டுக் குறைப்பது நம் ஊரில் வழக்கம். உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அது ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம் என்று ஊஞ்சலாட்டமாகிவிடும். தினமும் சாப்பிட்டுக்கொண்டே அளவைக் குறைப்பதுதான் அவற்றுக்கு நல்லது. எல்லா மாத்திரையையும் உடைக்கவும் முடியாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றை உடைத்தால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுவிட்டு உடையுங்கள்.

யார், எப்போது நிறுத்தலாம்?

முதல் முறை மனச்சோர்வு வந்தவர், முழுதும் தெளிந்தபின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மருந்தைத் தொடர்ந்துவிட்டு, குறைப்பது பற்றிப் பேசலாம். அடிக்கடி வந்தவருக்கு இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல். மனச்சிதைவில் முதல் முறையென்றாலும் ஒன்றிரண்டு வருடமாவது தொடரச் சொல்வார்கள். பலமுறை திரும்பியவர்களுக்கும் இருதுருவ நோய்க்காரர்களுக்கும் நீண்ட காலம் தேவைப்படலாம்.

மனச்சிதைவு மருந்தை மெல்லக் குறைத்தால் வேலை, உறவு எல்லாம் மேம்படுமா என்று பார்க்க இங்கிலாந்தில் ராடார் என்ற ஆய்வு நடந்தது. 253 பேர், இரண்டு வருடம். 2023-ல் முடிவு வந்தது. குறைத்தவர்களின் அன்றாட வாழ்க்கையில் குறிப்பிடும்படி முன்னேற்றம் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியது குறைத்தவர்களில் 100-க்கு 25 பேருக்கு, தொடர்ந்தவர்களில் 13 பேருக்கு. மருத்துவர் தயங்குவது ஏன் என்பதற்கு இது ஒரு காரணம். நோயாளி கேட்பதும் நியாயம்தான். நிறுத்தாமல், பக்கவிளைவு இல்லாத அளவுக்குக் குறைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நடுவழி.

அறுவடைக் கூலி நேரம், பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம், துக்கம் நடந்த மாதங்கள் ஆகியவை குறைக்க ஏற்ற காலமல்ல. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்தாதீர்கள். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் குழந்தைக்கு ஆகாதவை. வேறு சில ஓரளவு பாதுகாப்பானவை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசிவிடுவதுதான் சரி.

மறுபடி முதலிலிருந்து...

நிறுத்தினார், நோய் திரும்பியது, மீண்டும் தொடங்க வேண்டும். இங்கே வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, பழைய சீட்டை எடுத்து, பழைய அளவிலேயே மாத்திரையை ஆரம்பிப்பது. விட்டதற்கு ஈடாக இரண்டாகக் கொடுப்பது அதைவிட மோசம்.

குளோசபின் என்ற மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால், முன்பு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் 12.5 மில்லிகிராம் என்ற தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும். பழைய அளவை ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். இதயத்துக்கும் வலிப்புக்கும் ஆபத்து. லாமோட்ரிஜின் ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் அதையும் ஆரம்பத்திலிருந்தே வாரக்கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கும். அவசரப்பட்டால் தோல் உரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ஒவ்வாமை வரலாம். இரண்டு நாள் விட்டது, ஒரு வாரம் விட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதற்காகத்தான். திட்டுவாரோ என்ற பயத்தில் “ஒழுங்காச் சாப்பிடுறேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டால், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார்.

மறுபடி தொடங்கிய மருந்து வேலை செய்யவும் நேரம் பிடிக்கும். மனச்சோர்வு மருந்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம். மனச்சிதைவு மருந்தில் தூக்கமும் பரபரப்பும் முதலில் சீராகும். சந்தேகமும் காதில் கேட்கும் குரலும் அடங்க இன்னும் வாரங்கள் ஆகும். சிலருக்கு முன்பு கேட்ட அதே மருந்து, அதே அளவில் மறுபடி கேட்பதில்லை.

மருந்தைவிடக் கனமானது ஒன்று உண்டு. திரும்பவும் அதே வாசலில் போய் நிற்கும் கூச்சம். “சொன்னோமே, கேட்டியா?” என்ற பேச்சு வீட்டில் கிளம்பினால் அந்தக் கூச்சம் இரண்டு மடங்காகும். நீரிழிவுக்காரர் மாத்திரையை விட்டு, சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால் இப்படிப் பேசுகிறோமா?

புயல் வரும் ஊரில் மாத்திரைப் பை

மருந்து நிற்பது எப்போதும் நோயாளியின் முடிவாக இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. தென்னையும் மாவும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் இருண்டன. அப்படிப்பட்ட நாளில் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு முகாமுக்கு ஓடுகிறோம். மாத்திரை வீட்டிலேயே கிடக்கும்.

ஐப்பசி பிறந்ததும் இரண்டு வாரத்துக்கான மாத்திரை, மருத்துவர் சீட்டின் நகல், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தாள் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஆவணங்களோடு வைத்துவிடுங்கள். சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள்.

வேண்டுதலும் வேண்டும், மருந்தும் வேண்டும்

காவிரி வடகரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் வேண்டி ஒரு மண்டலம், 48 நாள், தங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கோயிலையொட்டி மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. நம்பிக்கையும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ‘கோயிலுக்கு வந்தாச்சு, இனி மாத்திரை வேண்டாம்’ என்று முடிவெடுக்கும்போதுதான் விபரீதம் ஆரம்பமாகிறது.

2001 ஆகஸ்ட் 6-ஐ யாரும் மறக்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு, ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துவாவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. வேண்டுதலை விடச் சொல்லவில்லை; மருந்தையும் விடாதீர்கள் என்றுதான் சொன்னது.

சட்டம் தரும் உரிமை

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அத்தியாவசிய மனநல மருந்துகள் அரசு மருத்துவமனையில் இலவசம். எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் ஊர்ப் பக்கம் எந்த மருத்துவமனைக்கு, எந்த நாளில் வருகிறார் என்று வேதாரண்யம் அரசு மருத்துவமனையில் விசாரித்துக்கொண்டால், நாகைக்கும் தஞ்சாவூருக்கும் அலைவது குறையும்.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வசதி உண்டு. நன்றாக இருக்கும்போதே, ‘எனக்கு மறுபடி முடியாமல் போனால் இந்த சிகிச்சை தாருங்கள், இது வேண்டாம், என் சார்பில் இவர் பேசட்டும்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மருந்தைக் குறைக்கத் தொடங்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

குறைக்கத் தொடங்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

* முடிவை நோயாளி, மருத்துவர், வீட்டில் ஒருவர் என மூவரும் சேர்ந்து எடுங்கள். ரகசியமாக நிறுத்துவதுதான் ஆபத்து.
* ஒரே நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் குறையுங்கள். இல்லையென்றால் எது எதனால் என்று தெரியாமல் போகும்.
* போன முறை நோய் வந்தபோது முதலில் என்ன மாறியது என்று எழுதி வையுங்கள். பலருக்கு அது தூக்கம். இரண்டு இரவு தொடர்ந்து தூங்கவில்லை என்றாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.
* நாட்காட்டியில் தினமும் மூன்றே குறிப்பு: எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரத் தூக்கம், மனநிலை எப்படி.
* தொல்லை வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது தோல்வி இல்லை.
* குறைக்கும் மாதங்களில் மது வேண்டவே வேண்டாம்.
* முழுதும் நிறுத்திய பிறகும் ஆறு மாதமாவது மருத்துவரைப் பார்த்துவருவதை நிறுத்தாதீர்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. ஆபத்து கண்முன்னே தெரிந்தால் 108.

உங்கள் வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று இதைப் படிக்கும்போது தெரிந்தால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எத்தனை நாளாச்சு?” அந்தப் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரோடு நீங்களும் ஏறுங்கள்.